ஏஜென்ட்டுக்கு எழுதும் அறிவுறுத்தலை சிஐயில் சோதிப்பது: எதைத் தடுப்பது, எதை எச்சரிப்பது

கல்முனையிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். நாலு பேர் கொண்ட குழு, மருந்துக்கடைகளுக்கான இருப்பு மென்பொருள் செய்கிறார்கள். அவர்களுடைய ரெப்போவில் (கோட் முழுவதும் இருக்கும் களஞ்சியம்) கோட் எழுதும் ஏஐ ஏஜென்ட்டுகளுக்கான அறிவுறுத்தலாக வைத்த ஏஜென்ட்ஸ்.எம்டி கோப்பு 640 வரியாக வளர்ந்துவிட்டதாம். அதில் எழுதியதை ஏஜென்ட் பாதி நேரம் கேட்பதே இல்லை. குழுவில் ஒருவர், "ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் இன்னொரு ஏஐயைக் கொண்டு இந்தக் கோப்புக்கு மதிப்பெண் போடுவோம், 80க்குக் கீழே வந்தால் மெர்ஜைத் தடுப்போம்" என்கிறார். (ஒரு மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்பது புல் ரிக்வெஸ்ட், அதைச் சேர்ப்பது மெர்ஜ், அதற்கு முன் தானாக ஓடும் சோதனைகள்தான் சிஐ அல்லது பைப்லைன்.) அந்த யோசனை சரியா, வேறு என்னவெல்லாம் சோதிக்கலாம், அறிவுறுத்தலில் சில பகுதி தமிழில் இருப்பது சிக்கலா என்று கேட்கிறார்.

தங்கச்சி, சோதனை கட்டாயம் வையுங்கள். ஆனால் மதிப்பெண்ணைக் காட்டி மெர்ஜைத் தடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்ல எங்களுக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நாங்கள் மட்டக்களப்பு கல்லடியில் இருந்துகொண்டு அம்பாறை மாவட்டத்து அரிசி ஆலைகளுக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்கிறோம். லொறி தராசில் ஏறும், எடை பதிவாகும், ஈரப்பதம் அளப்பார்கள், 14 வீதத்தைத் தாண்டினால் கழிவு போடுவார்கள், மிச்சத்துக்குப் பற்றுச்சீட்டு அச்சாகும். ஆரம்பத்தில் எடையைக் கிராமில் முழு எண்ணாக வைத்திருந்தோம். பிறகு தராசுக் கருவியை நேரே இணைத்தபோது கிலோவுக்கு மாற்றினோம். டேட்டாபேஸ் மாறியது, கோட் மாறியது, டெஸ்டுகளும் மாறின. ஏஜென்ட்ஸ்.எம்டியில் மட்டும் "எடை எப்போதும் கிராமில் இருக்கும், காட்டும்போது 1000ஆல் வகுக்கவும்" என்ற வரி அப்படியே கிடந்தது. மூன்று மாதம் கழித்து நாள் அறிக்கைக்கு ஒரு பக்கம் செய்யச் சொன்னோம். ஏஜென்ட் அந்த வரியை அச்சொட்டாகக் கடைப்பிடித்தது. 4,200 கிலோ நெல் 4.2 கிலோ என்று திரையில் வந்தது. அந்தப் பக்கத்துக்கான டெஸ்டையும் அதே ஏஜென்ட்தான் எழுதியது, அதே நம்பிக்கையோடு எழுதியது, அதனால் டெஸ்டும் பச்சை, அதாவது தேறிவிட்டது. பெரும்போக அறுவடைக்கு முதல் நாள் ஆலைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். அன்று இரவு முழுக்க யாரும் தூங்கவில்லை.

இப்போது உங்கள் நண்பர் சொல்லும் மதிப்பெண் சோதனையை அந்த வரிமேல் ஓட்டிப் பாருங்கள். வரி சுருக்கமானது, தெளிவானது, எண்ணோடு இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. எந்த ஏஐ நடுவரும் அதற்கு முழுப் புள்ளி கொடுக்கும். கோப்பை மட்டும் படிக்கிற நடுவருக்கு டேட்டாபேஸில் என்ன இருக்கிறது என்று தெரிய வழியில்லை. அந்த வரியில் எழுத்துக் குறை எதுவும் இருக்கவில்லை. அது பழசாகிப் போயிருந்தது, அவ்வளவுதான்.

அறிவுறுத்தல் கோப்புகளில் நான் பார்த்த சேதங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். வயல்காரருக்கு இது சட்டென்று விளங்கும். போகம் தொடங்க முதல் கூட்டம் கூடி, தண்ணீர் எப்போது திறப்பது, விதைப்பு எப்போது முடிப்பது என்று முடிவெடுப்பார்கள். போன போகத்துத் திகதி எழுதிய தாளை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு விதைத்தால், தாளின் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்து என்ன? தண்ணீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டைவிதானை வாய்க்காலைப் பார்க்கத்தான் போவார். அதே மாதிரி, முதல் சோதனை கோப்பில் சொன்னது ரெப்போவில் உண்மையா என்று பார்க்க வேண்டும்.

இதற்கு ஏஐ தேவையில்லை. எங்களிடம் இருப்பது 90 வரிக்குள் அடங்கும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட். ஏஜென்ட்ஸ்.எம்டியைத் திறந்து, பேக்டிக் (`) குறிக்குள் இருக்கும் ஒவ்வொரு சொல்லையும் எடுக்கும். சாய்கோடு இருந்தாலோ ஃபைல் வகைப் பெயர் ஒட்டியிருந்தாலோ அது ஒரு பாதை என்று கொள்ளும். அந்தப் பாதை ரெப்போவில் இல்லையென்றால் பிழை. ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ் கருவிகளின் கட்டளைகளான என்பிஎம் ரன், பிஎன்பிஎம் ரன் என்று தொடங்கினால் அடுத்த சொல் ஒரு ஸ்கிரிப்டின் பெயர், பேக்கேஜ்.ஜேசனில் அந்தப் பெயர் இல்லையென்றால் பிழை. பேக்கேஜ் பதிப்புகளைப் பதிந்து வைக்கும் லாக் ஃபைல் பிஎன்பிஎம்முடையதாக இருக்க, அறிவுறுத்தல் என்பிஎம் இன்ஸ்டால் என்று சொன்னால் அதுவும் பிழை. சூழல் மாறிகளின் (கோடுக்கு வெளியிலிருந்து கொடுக்கும் அமைப்புகள்) பெயர்களை மாதிரி என்வ் கோப்போடு ஒப்பிடும். உதாரணத்துக்காக எழுதிய பாதை என்றால், அந்த வரியில் ஒரு விலக்குக் குறிப்புப் போட வேண்டும். இவ்வளவுதான். முதல் தடவை ஓட்டியபோது எங்கள் சொந்தக் கோப்பில் 11 இடம் சிவப்பாக வந்தது. அதில் இரண்டு, யாரோ ஒரு வருடத்துக்கு முதல் அழித்த ஃபோல்டரைப் பற்றியவை. அந்த ஃபோல்டரை ஏஜென்ட் ஒவ்வொரு முறையும் தேடி, காணாமல், புதிதாக உண்டாக்கி வைத்துக்கொண்டிருந்தது. எங்கிருந்து இந்த வெற்று ஃபோல்டர் வருகிறது என்று நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இங்கே எல்லோரும் விழும் ஒரு குழி இருக்கிறது. கோட் வைக்கும் தளமான கிட்ஹப்பின் பைப்லைனில் இந்தச் சோதனையை "ஏஜென்ட்ஸ்.எம்டி மாறினால் மட்டும் ஓடு" என்று பாதை வடிகட்டி போட்டு வைப்பார்கள். நேரம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், அறிவுறுத்தல் எப்போது பழசாகிறது? அதைத் தொடாதபோதுதான். வேறொருவர் ஒரு ஃபைலுக்குப் பெயர் மாற்றுகிறார், அறிவுறுத்தல் கோப்பு அந்தப் புல் ரிக்வெஸ்ட்டில் இல்லவே இல்லை, சோதனை ஓடாது, பழுது உள்ளே வந்துவிடும். ஆகவே எல்லாப் புல் ரிக்வெஸ்ட்டிலும் ஓட வேண்டும். இன்னொரு காரணமும் இருக்கிறது. கட்டாயச் சோதனை என்று குறித்த ஒரு வொர்க்ஃப்ளோ, பாதை வடிகட்டியால் ஓடாமல் விடப்பட்டால், அதன் நிலை காத்திருப்பில் நின்றுவிடும், மெர்ஜும் பூட்டிக்கொள்ளும். கிட்ஹப் இதைத் தன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறது. இந்த ஸ்கிரிப்ட் ஓடி முடிக்கச் சில வினாடிதான். கிட்ஹப் இலவசக் கணக்கில் தனியார் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடம் கிடைக்கிறது. ஒரு ஓட்டத்தை ஒரு முழு நிமிடமாக எண்ணினாலும் நாலு பேர் குழுவுக்கு இது பெரிய செலவில்லை. கோடின் நடையைச் சரிபார்க்க ஏற்கெனவே இருக்கும் லின்ட் ஜொப்புக்குள் இதையும் ஒரு படியாகச் சேர்த்துவிட்டால் தனி நிமிடமும் போகாது.

சரி, கிராம் கிலோ வரியை இந்த ஸ்கிரிப்ட் பிடித்திருக்குமா? பிடித்திருக்காது. அதில் பாதையும் இல்லை, கட்டளையும் இல்லை. அதற்கு மருந்து வேறு: அப்படியான தகவலை அறிவுறுத்தல் கோப்பில் வைக்கவே கூடாது. இப்போது எங்கள் கோப்பில் "எடை அலகு பற்றி இந்த ஃபைலைப் பார்" என்று ஒரு சுட்டல் மட்டும் இருக்கிறது. அந்த ஃபைலில் எடைக்கென்று ஒரு டைப், அதன் மேல் ஒரு வரி விளக்கம். கோட் மாற்றுகிறவர் கண்ணில் படாமல் அந்த விளக்கம் பழசாக முடியாது. சுட்டல் உடைந்தால் ஸ்கிரிப்ட் பிடிக்கும். எண், அலகு, வரி வீதம், அட்டவணைப் பெயர் எதையும் இரண்டு இடத்தில் எழுதாதீர்கள். உங்கள் மருந்துக்கடை மென்பொருளில் மாத்திரையை அட்டையாக எண்ணுகிறீர்களா, தனித்தனியாக எண்ணுகிறீர்களா என்பது இதே வகை. இன்றைக்கே தேடிப் பாருங்கள், அந்தத் தகவல் உங்கள் 640 வரியில் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று.

640 வரி என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் ஒரு நல்ல பங்கு, லின்டரோ ஃபோர்மாட்டரோ செய்ய வேண்டிய வேலையாக இருக்கும். "அரைப்புள்ளி போடு", "எனி டைப் பாவிக்காதே", "இம்போர்ட்டுகளை வரிசைப்படுத்து" போன்ற வரிகளை எடுத்து ஈஎஸ்லின்ட் என்ற லின்டரின் விதியாக மாற்றிவிட்டு, அறிவுறுத்தலிலிருந்து அழித்துவிடுங்கள். இயந்திரம் பிடிக்கக்கூடிய விதியை வாக்கியமாக எழுதி வைத்து, ஏஜென்ட் ஞாபகம் வைத்திருக்கும் என்று எதிர்பார்ப்பது இரண்டு பக்கமும் நட்டம். விதியும் மீறப்படும், அது பிடிக்கும் இடத்தில் முக்கியமான வேறு வரியும் கவனம் பெறாமல் போகும். நாங்கள் 150 வரிக்கு மேல் போனால் பைப்லைனில் சிவப்பு என்று வைத்திருக்கிறோம். அந்த 150 எங்கள் கைக்கணக்குத்தான். ஆனால் ஒரு வரம்பு இருந்தால், புதிய வரி சேர்க்க வருகிறவர் பழைய வரி எது தேவையில்லை என்று பார்க்க வேண்டியதாகிறது. அந்தப் பழக்கத்துக்காகவே வைத்தோம்.

ஒரே விஷயத்தை மூன்று கோப்பில் வைத்திருப்பீர்கள் என்றும் நினைக்கிறேன். ஏஜென்ட் கருவிகளில், கிளாட் கோட் கிளாட்.எம்டியைப் படிக்கும், கோபைலட்டுக்கு என்று ஒரு அறிவுறுத்தல் கோப்பு, கர்சருக்கு ஒரு ரூல்ஸ் ஃபோல்டர். ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பது உறுதி. உண்மையான உள்ளடக்கம் ஏஜென்ட்ஸ்.எம்டியில் மட்டும் இருக்கட்டும், கிளாட்.எம்டியில் அட் குறி போட்டு அந்தக் கோப்பை இழுக்கும் ஒரே ஒரு வரி போதும். அந்த ஒரு வரிக்கு மேல் யாரும் எழுதவில்லை என்பதையும் ஸ்கிரிப்ட் பார்க்கலாம். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் ஸ்கில் கோப்புகள் வைத்திருந்தால் அவற்றின் தலைப்பகுதியையும் சோதியுங்கள்: பெயர் 64 எழுத்துக்குள், சிறிய ஆங்கில எழுத்தும் இலக்கமும் இணைகோடும் மட்டும், விவரணம் 1,024 எழுத்துக்குள். இது மீறினால் ஸ்கில் ஏறாமல் போகலாம்.

இனி ஏஐ நடுவருக்கு வருவோம். நான் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் கையில் பூட்டுச் சாவியைக் கொடுக்க வேண்டாம் என்கிறேன். ஒரே கோப்பை இரண்டு தரம் கொடுத்தால் ஒரு தரம் 83, மறு தரம் 77 என்று வரும். 80 என்பது உங்கள் கோடு என்றால், ஒரு எழுத்தும் மாற்றாமல் மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும். இரண்டு கிழமையில் குழு முழுக்க ரீரன் பொத்தானை அமத்தப் பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்தால் மறுகா உண்மையான சிவப்பு வந்தாலும் அதையும் அப்படியே அமத்துவார்கள். தடுக்கும் சோதனைக்கு இருக்க வேண்டிய ஒரே தகுதி, அது சிவப்பு என்றால் கட்டாயம் ஏதோ பிழை இருக்க வேண்டும். மொடலின் பதிப்பு மாறினால் மதிப்பெண்ணும் மாறும். நீளமாக எழுதிய பதிலுக்கு ஏஐ நடுவர்கள் கூடுதலாகச் சாய்வதும் பலராலும் கண்டறியப்பட்ட ஒன்று. உங்கள் 640 வரியை அது பாராட்டினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

நாங்கள் அதை இப்படிப் பாவிக்கிறோம். மதிப்பெண் கேட்பதில்லை. ஒரே ஒரு கேள்வி: "இந்தக் கோப்பில் ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு வரிகள் இருந்தால் அவற்றை அப்படியே எடுத்துக் காட்டு." பதிலில் வரும் வரிகள் உண்மையில் கோப்பில் இருக்கின்றனவா என்று ஸ்கிரிப்ட் சரிபார்க்கும், இல்லாத வரியைச் சொன்னால் அந்தப் பதிலை எறிந்துவிடும். மிஞ்சியது புல் ரிக்வெஸ்ட்டில் ஒரு கருத்தாக விழும். மனிதர் பார்த்து முடிவெடுப்பார். இப்படித்தான் ஒரு இடத்தில் "மைக்ரேஷன் கோப்புகளைத் தொடாதே" என்றும், 70 வரி தள்ளி "ஸ்கீமா மாறினால் மைக்ரேஷனைத் திருத்து" என்றும் இருந்தது பிடிபட்டது (மைக்ரேஷன் என்பது டேட்டாபேஸின் அமைப்பை, அதாவது ஸ்கீமாவை, மாற்றும் கோப்பு). இரண்டையும் எழுதியவர் நானேதான்.

ஏஜென்ட் கேட்பதில்லை என்ற உங்கள் முதல் முறைப்பாட்டுக்கு நேரடியான சோதனை, அதை ஓடவிட்டுப் பார்ப்பதுதான். சின்னச் சின்ன வேலைகள் நாலைந்து வையுங்கள். "காலாவதியான மருந்துகளை மட்டும் காட்டும் ஒரு வடிகட்டி சேர்" என்பது மாதிரி. சுத்தமான கொன்டெய்னரில் (வேறெதுவும் கலக்காத தனிச்சூழல்) ஏஜென்ட்டை ஓட்டி, முடிவில் டெஸ்ட் தேறுகிறதா, தொடக்கூடாத ஃபோல்டர் தொடப்பட்டதா என்று சாதாரணக் கோடால் பாருங்கள். இதை இரவில் ஓட்டுங்கள், ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் வேண்டாம். காசும் போகும், நேரமும் போகும்.

அதன் முடிவை வாசிப்பதில் கவனம் வேண்டும். ஒரு வேலையை ஏஜென்ட் உண்மையில் 100க்கு 80 தரம் சரியாகச் செய்யும் என்று வையுங்கள். ஐந்து தரம் ஓட்டினால் ஐந்தும் சரியாக வருவதற்கு வாய்ப்பு 33 வீதம்தான். மூன்றோ அதற்குக் குறைவோ வருவதற்கு 26 வீதம். அதாவது அறிவுறுத்தலில் எதுவும் மாறாமலேயே, நாலில் ஒரு இரவு "ஐயோ, மூன்றாகிவிட்டதே" என்று பயப்பட வைக்கும் எண் வரும். நேற்று நாலு, இன்று மூன்று என்பதைப் பார்த்து யாருடைய மாற்றத்தையும் திருப்பி எடுக்காதீர்கள். ஐந்துக்கு ஐந்தாக இருந்த ஒரு வேலை பூச்சியமாக விழுந்தால் அது செய்தி. நடுவில் இருப்பதற்கு ஓட்டங்களைக் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் சில கிழமைக்கான போக்கைப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பிலும் ஒன்று கட்டாயம். அறிவுறுத்தல் கோப்பு என்பது உங்கள் சாவிகளோடு ஓடும் ஒருவருக்குக் கொடுக்கும் கட்டளை. வெளியார் ஃபோர்க்கிலிருந்து (உங்கள் ரெப்போவின் அவர்களுடைய நகல்) அனுப்பும் புல் ரிக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப் வழக்கமாக உங்கள் சீக்ரெட்டுகளை, அதாவது அந்தச் சாவிகளை, கொடுக்காது. ஆனால் புல் ரிக்வெஸ்ட் டார்கெட் என்ற நிகழ்வைப் பாவித்தால் கொடுக்கும். அந்த நிகழ்வில் வெளியாரின் கோட் இறக்கி, அதிலுள்ள அறிவுறுத்தலோடு ஏஜென்ட்டை ஓட்டினால், முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் சாவியோடு உங்கள் இயந்திரத்தில் பேசுகிறார் என்று அர்த்தம். அதைச் செய்யவே செய்யாதீர்கள். எந்தக் கோப்புக்கு யார் பொறுப்பு என்று சொல்லும் கோட்ஓனர்ஸ் கோப்பில் ஏஜென்ட்ஸ்.எம்டிக்கு ஒருவர் பெயரைப் போட்டு, அவர் பார்க்காமல் மெர்ஜ் இல்லை என்று பிராஞ்ச் விதியில் வையுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்துகளும் இதில் சேரும். 2021இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், எழுத்தின் திசையை மாற்றும் யூனிகோட் குறிகளால் கோட் ஒன்றை மனிதருக்கு ஒரு மாதிரியும் அதை இயந்திரத்துக்கு மாற்றும் கம்பைலருக்கு வேறு மாதிரியும் காட்டலாம் என்று காட்டினார்கள். ட்ரோஜன் சோர்ஸ் என்று பெயர். 2025 மார்ச்சில் பில்லர் செக்யூரிட்டி என்ற நிறுவனம், அதே மாதிரி மறை எழுத்துகளால் கர்சர், கோபைலட் ரூல்ஸ் கோப்புகளுக்குள் இரகசியக் கட்டளை வைக்கலாம் என்று விளக்கியது. இதைப் படித்த அன்றே நான் ஒரு சோதனை எழுதினேன்: திரையில் இடமே பிடிக்காத அகலமற்ற எழுத்து எது வந்தாலும் சிவப்பு. அடுத்த நாள் காலையில் எங்கள் பைப்லைன் முழுக்கச் சிவப்பு.

இதுதான் உங்கள் தமிழ்க் கேள்விக்கும் பதில். கோப்பில் ஓரிடத்தில் "கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்" என்று தமிழில் எழுதியிருந்தோம். "ஆக்‌ஷன்" என்பதில் க் தனியாகவும் ஷ தனியாகவும் நிற்க வேண்டும், ஒட்டி க்ஷ ஆகக்கூடாது. அதற்காக நடுவே அகலமற்ற ஒட்டாக்குறி ஒன்றைக் கீபோர்ட் போட்டிருந்தது. யூனிகோட் எண் 200சி. ரிக்‌ஷா, செக்‌ஷன் எல்லாவற்றிலும் அது வரலாம். தமிழுக்கு அது நியாயமான எழுத்து. ஆகவே விதியைத் திருத்தினோம்: இரு பக்கமும் தமிழ் எழுத்து, அதாவது யூனிகோடில் 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரையான பகுதி இருந்தால் 200சி அனுமதி, வேறெங்கும் அனுமதியில்லை. திசை மாற்றும் குறிகளுக்கும், இ0000 முதல் இ007எஃப் வரையான, கண்ணுக்குத் தெரியாத டேக் எழுத்துகளுக்கும் எங்கேயும் இடமில்லை. பொதுவில் கிடைக்கும் சில ஸ்கேனர்கள் தமிழை நினைத்து எழுதப்பட்டவை அல்ல. அவற்றைப் போட்டால் இந்த விலக்கை நீங்களே சேர்க்க வேண்டிவரும்.

தமிழில் எழுதுவது சரிதான். எங்கள் ஆலைக்காரர் பேசும் சொற்கள், பற்றுச்சீட்டில் அச்சாகும் வாசகங்கள் தமிழிலேயே இருக்க வேண்டும், மொழிபெயர்த்தால் ஏஜென்ட் தானாக ஒரு சொல்லை உண்டாக்கும். ஆனால் இரண்டைக் கவனியுங்கள். ஒன்று அளவு. எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறி மூன்று பைட். "கு" என்பதில் இரண்டு குறி, ஆறு பைட். ஓபன்ஏஐயின் ஏஜென்ட்டான கோடெக்ஸ் இந்தக் கோப்புகளை இயல்பாக 32 கிலோபைட் வரைதான் சேர்த்துப் படிக்கும், மாற்ற வேண்டுமென்றால் அமைப்பில் மாற்றலாம். ஆங்கிலத்தில் தாராளமாக இருக்கும் அந்த அளவு தமிழில் 11,000 குறிக்குள் முடிந்துவிடும். ஆகவே வரிக்கணக்கோடு பைட் கணக்கையும் சோதியுங்கள்.

மற்றது "கொ". கொம்பையும் காலையும் ஒரே குறியாக வைக்கலாம், இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. எங்கள் அறிவுறுத்தலில் "கொள்வனவு" ஒரு விதமாக இருந்தது, மொழிக்கோப்பில் மற்ற விதமாக இருந்தது. ஏஜென்ட் தேடியது, இல்லை என்று முடிவெடுத்தது, அதே சொல்லை இரண்டாம் தரம் சேர்த்தது. மெனுவில் "கொள்வனவு" இரண்டு வந்தது. எது பழசு, எது புதுசு என்று பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இப்போது எல்லாக் கோப்பையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிப் பார்த்து, வித்தியாசம் இருந்தால் சிவப்பு காட்டும் மூன்று வரி சேர்த்திருக்கிறோம். ஸ்ரீயை மட்டும் அது பிடிக்காது. ஸ் வைத்தும் எழுதலாம், ஶ் வைத்தும் எழுதலாம், என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்காது. உங்கள் கடைப் பெயர்களில் ஸ்ரீ நிறைய வரும். அதற்கு ஒரு வரி தனியாக எழுதிக்கொள்ளுங்கள், தங்கச்சி.